யாருக்கும் சொல்லாதீங்க!

திண்டிவனம் நேரு வீதியில் ஒரு செல்போன் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். அது விழுப்புரம் நேருஜி சாலையிலும் இருக்கலாம், உங்கள் தெருமுனையிலும் இருக்கலாம். கிராமத்திலிருந்து ஒரு பாட்டி பஸ் பிடித்து வந்திருக்கிறார். இத்தனை நாள் அவரிடம் இருந்தது பட்டன் போன். சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளை பணம் அனுப்பி, ‘டச் போன் வாங்கிக்கோம்மா’ என்று சொல்லியிருக்கிறான்.

கடைப் பையன் கெட்டிக்காரன். நல்லவனும்கூட. சிம்மை மாற்றி, கண்ணாடி ஒட்டி, வாட்ஸ்அப் ஏற்றி, முருகன் படத்தை முகப்பில் வைத்துக் கொடுக்கிறான். கடைசியில் கேட்கிறான்.

“ஆயா, ஒரு நாலு நம்பர் சொல்லு.”

“எதுக்கு கண்ணு?”

“பூட்டுக்கு ஆயா. மறக்காத நம்பரா சொல்லு.”

பாட்டி யோசித்துப் பேரன் பிறந்த வருஷத்தைச் சொல்கிறார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் பையன் அதைக் கடை முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொல்கிறான். மறந்துவிடக் கூடாதே என்று அட்டைப்பெட்டியின் மேல் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியும் கொடுக்கிறான். பிறகு குரலைத் தாழ்த்தி, ரகசியம்போல, “இத யாருக்கும் சொல்லிடாத ஆயா!” என்கிறான்.

சிரிப்பு வருகிறதா? வரட்டும். ஆனால் அந்தப் பையனைக் கேலி செய்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். நம் வீட்டு அம்மாவுக்கோ மாமனாருக்கோ புதுப் போன் வாங்கிக் கொடுத்த அன்று நாம் செய்தது இதிலிருந்து எவ்வளவு தூரம்?

செல்போன் நம் ஊர்களுக்கு வந்த புதிதில் பயம் வேறு மாதிரி இருந்தது. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ம் தேதி கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் இடையில் நடந்தது. அதற்குப் பிறகு 2003 வரை, யாராவது நம்மைக் கூப்பிட்டாலும் நமக்குத்தான் காசு போனது. போனை எடுப்பதா வேண்டாமா என்று உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தவித்த ஆத்மாக்களை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்றைக்கு அதிகபட்ச ஆபத்து பில் எகிறுவதுதான். இன்றைக்கு அதே பொருளுக்குள் பாங்க் பாஸ்புக், ஆதார், வீட்டுப் பெண்களின் போட்டோ, முதியோர் உதவித்தொகை எல்லாம் குடியேறிவிட்டன. அவ்வளவுக்கும் சேர்த்து நாம் கொடுக்கும் ஒரே பாதுகாப்புப் பாடம் ‘யாருக்கும் சொல்லாதே.’

இந்த ‘யாருக்கும்’ என்ற சொல்லில் யார் யார் அடக்கம் என்பதுதான் என் கேள்வி.

பாட்டியின் அடுத்த சில மாதங்களைப் பின்தொடர்ந்து பார்ப்போம். சிலிண்டர் கொண்டுவரும் தம்பி, “போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா” என்கிறார். சொன்னால்தான் சிலிண்டர் இறங்கும். கூரியர்காரரும் அதையே கேட்கிறார். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு உட்கார்ந்தால், கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பெண் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி, “ஓ.டி.பி. சொல்லுங்க” என்கிறார். 2023-ல் மகளிர் உரிமைத் தொகைக்காக முகாம்கள் நடந்தபோது, ஓ.டி.பி. வரலாம், எனவே செல்போனை எடுத்து வாருங்கள் என்று அரசே சொல்லித்தான் அழைத்தது. லட்சக்கணக்கான பெண்கள் வரிசையில் நின்றார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. எல்லாம் முறையான வேலைகள்தான்.

ஆனால் பாட்டி என்ன கற்றுக்கொண்டார்? நம்பர் வரும், கேட்பார்கள், சொல்ல வேண்டும், சொன்னால் காரியம் நடக்கும். ஒருநாள் ஒரு குரல், “பேங்க்ல இருந்து பேசறோம்மா, உங்க கணக்கு முடங்கப் போவுது, போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க” என்று மரியாதையாகக் கேட்கிறது. சொல்லிவிடுகிறார். அன்று சாயங்காலம் வீடே அவரைச் சுற்றி நின்று கேட்கிறது: “படிச்சுப் படிச்சு சொன்னோமே, யாருக்கும் சொல்லாதேன்னு?”

சொன்னோம், வாஸ்தவம். ஆனால் நாமே ஒரு மாதத்தில் நாலு தடவை மீறுகிற விதி அது. மீறாமல் வாழ முடியாத விதி. அப்படி ஒரு விதியை ஒருவருக்குக் கொடுப்பது அவரைக் காப்பதற்காகவா, அல்லது பின்னால் திட்டும்போது நம் பக்கம் ஒரு சாட்சி இருக்கட்டும் என்பதற்காகவா? கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம். எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது.

பெரியவர்களுக்குப் புரியாது என்று சொல்லாதீர்கள். தென்னாற்காட்டுக் கிராமங்களில் பள்ளிக்கூடம் போகாத கிழவிக்கும் புரோநோட்டு என்றால் என்ன என்று தெரியும். வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்கக் கூடாது என்பதை யாரும் அவருக்கு விளம்பரம் போட்டுச் சொல்லித் தரவில்லை. ஊரில் யாரோ ஒருவர் அப்படி நிலத்தை இழந்ததைப் பார்த்திருப்பார். தொகை எழுதியிருக்கிறதா, எவ்வளவு, யார் பெயருக்கு என்று நாலு பேரை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டபிறகுதான் கட்டை விரலை மையில் வைப்பார். அந்த அறிவு அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. ‘போனுக்கு வருகிற இந்த நம்பர்தான் உன் கைநாட்டு, எந்தக் காகிதத்தில் வைக்கிறாய் என்று தெரியாமல் வைக்காதே’ என்று யாராவது அவருக்கு எடுத்துச் சொன்னோமா? சிலிண்டருக்கு வைக்கிற கைநாட்டு வேறு, பாங்குப் பணத்துக்கு வைக்கிறது வேறு. அந்த நம்பர் எதற்கு என்று அதே மெசேஜில் எழுதியிருக்கிறது.

எழுதியிருக்கிறது... பெரும்பாலும் இங்கிலீஷில்! ‘இதை யாரிடமும் பகிராதீர்கள்’ என்ற எச்சரிக்கையையும் இங்கிலீஷில் அனுப்பிவிட்டு, எச்சரித்தோமே என்று கணக்குக் காட்டுகிறார்கள். கைநாட்டு வைப்பவரிடம் அவருக்குப் புரியாத மொழியில் பத்திரத்தை நீட்டுவதற்கு நம் ஊரில் என்ன பெயரோ, அதுதான் இதற்கும்.

அதேபோல, பணம் அனுப்பும்போது போடுகிற ரகசிய எண். “உங்களுக்கு ஐயாயிரம் ரூபா வந்திருக்கு, பின் நம்பர் போட்டா அக்கவுன்ட்ல ஏறிடும்” என்று ஒரு குரல் சொல்கிறது. படித்தவர்களே போட்டிருக்கிறார்கள். மயிலம் முருகன் கோயில் உண்டியலில் காசு போடுகிறவர் யாராவது சாவி கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? போடுவதற்குச் சாவி எதற்கு? எடுக்கத்தான் சாவி. இதைப் பாட்டிக்கு ஒரு தடவை சொன்னால் போதும், அடுத்த வீட்டுக்கு அவரே போய்ப் பாடம் எடுப்பார்.

இன்னொன்று வாட்ஸ்அப்பில் வருகிற கல்யாணப் பத்திரிகை. வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து பத்திரிகை வைக்காவிட்டால் கோபித்துக்கொள்கிற ஊர் நம்முடையது. ஆனால் யாரோ ஒருவர் போனுக்கு அனுப்பினால் உடனே திறந்து பார்க்கிறோம். படமாகவோ வீடியோவாகவோ இல்லாமல் ‘இன்ஸ்டால் செய்யவா?’ என்று போன் கேட்டால், அது பத்திரிகை இல்லை. அவ்வளவுதான் சூத்திரம்.

இதெல்லாம் செய்முறை. இதற்கு அடியில் ஒரு கஷ்டமான கேள்வி இருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் நாம் சொல்லிக்கொடுப்பது சந்தேகத்தைத்தானே? எழுபது வருஷம் மனிதர்களை நம்பி வாழ்ந்த ஒருவரிடம், இனிமேல் ஒருத்தரையும் நம்பாதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர். காலை நேரத்தில் விக்கிரவாண்டி வழியாகப் போகும் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. பின்பக்கம் தொங்குகிறவர் நூறு ரூபாயை நீட்டுகிறார். அது பத்துக் கை மாறி கண்டக்டரிடம் போகிறது. டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே பத்துக் கை மாறித் திரும்பி வருகின்றன. ஒருவருக்கும் ஒருவர் பெயர் தெரியாது. சில்லறை குறைவதில்லை. விழுப்புரம் ஜங்ஷனில் பக்கத்திலிருப்பவரிடம், “கொஞ்சம் பையைப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போகிறோம். நம் அன்றாடமே இந்த நம்பிக்கையின் மேல்தான் ஓடுகிறது. டென்மார்க் தத்துவ அறிஞர் லோக்ஸ்ட்ரப் 1956-ல் எழுதிய ஒரு நூலில் இதைத்தான் அடிப்படையாக வைத்தார். நம்பிக்கைதான் மனிதரின் இயல்பான நிலை, சந்தேகம் பிறகு வந்து சேர்வது என்றார். ஒருவர் நம்மை நம்பும்போது தன் வாழ்க்கையில் ஒரு துண்டை நம் கையில் வைத்துவிடுகிறார். அதைக் காப்பாற்றும் பொறுப்பு வாங்கியவருடையது என்பது அவர் வாதம்.

பஸ்ஸில் நம்பிக்கை ஏன் பலிக்கிறது? அந்தப் பத்துக் கைகளைப் பத்து ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. போனில் கண்கள் இல்லை. குரல் மட்டும் இருக்கிறது. அந்தக் குரல் நம்மைத் தனியாக ஓர் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிடுகிறது. ‘லைனைக் கட் பண்ணாதீங்க, வீட்டில் யாரிடமும் சொல்லாதீங்க’ என்கிறது. டிஜிட்டல் அரெஸ்ட் என்று மிரட்டுகிறவர்கள் முதலில் செய்வது இதைத்தான். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்லவேண்டியிருந்தது. கவனியுங்கள், நாம் பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்த அதே வாசகம், ‘யாருக்கும் சொல்லாதே’, இப்போது திருடன் வாயிலிருந்து வருகிறது!

வள்ளுவர் இதற்கென்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். 51-வது அதிகாரம், தெரிந்துதெளிதல். ஆராயாமல் நம்புவது துன்பம் என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே மூச்சில் அவர் சொல்லும் இன்னொன்றை வசதியாக விட்டுவிடுவார்கள். ஆராய்ந்து நம்பிய ஒருவரைச் சந்தேகப்படுவதும் அதே அளவு துன்பம் என்கிறார். ஆனால் அது பொருட்பாலில், அரசனுக்குச் சொன்னது. அரசனுக்கு ஆராய்ந்து பார்க்க ஒற்றர்கள் இருந்தார்கள். அதற்கும் தனி அதிகாரம் உண்டு. நம் பாட்டிக்கு அரசனின் வேலையைக் கொடுத்துவிட்டோம், ஒற்றர்களைக் கொடுக்கவில்லை. அவருக்கு வாய்க்கக்கூடிய ஒரே ஒற்றர், “இருப்பா, எம் புள்ளையக் கேட்டுட்டு நானே கூப்பிடறேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிடும் துணிச்சல்தான். பெரிய மனிதர் பேசும்போது போனை வைப்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர்கள் அவர்கள். வைக்கலாம், தப்பில்லை என்று நாம்தான் சொல்லவேண்டும். ஒரு தடவை நீங்களே கூப்பிட்டுப் பேசி, பாதியில் வைக்கச் சொல்லிப் பழக்குங்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் பலிக்கும்.

விவரம் தெரியாதவர்கள்தான் ரகசிய எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள் என்றொரு எண்ணம் நமக்கு உண்டு. அதற்குப் பதில் விழுப்புரம் பக்கத்திலேயே கிடைத்தது. 2020-ல் பிரதமரின் கிசான் திட்டத்தில், வருஷத்துக்கு 6,000 ரூபாய் பெறத் தகுதியே இல்லாத லட்சக்கணக்கானவர்கள் தமிழ்நாட்டில் சேர்க்கப்பட்டிருப்பது வெளியே வந்தது. 13 மாவட்டங்கள், சுமார் 5.5 லட்சம் பேர், 110 கோடி ரூபாய் என்று அப்போது வேளாண் துறைச் செயலாளராக இருந்த ககன்தீப் சிங் பேடி கணக்குச் சொன்னார். விழுப்புரமும், அதிலிருந்து 2019-ல் பிரிந்த கள்ளக்குறிச்சியும், கடலூரும் அந்தப் பட்டியலில் இருந்தன. பூட்டை உடைத்து யாரும் உள்ளே போகவில்லை. அலுவலர்களிடம் இருக்கவேண்டிய பாஸ்வேர்டு தரகர்கள் கைக்கும் கம்ப்யூட்டர் சென்டர்களுக்கும் போயிருந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. கைதுகள், சஸ்பெண்டுகள், ஒப்பந்த ஊழியர்கள் நீக்கம் எல்லாம் நடந்தன.

கிராமத்தில் என்ன நடந்தது? கொரோனா உதவிப் பணம் என்று நினைத்து ஆதாரையும் பாஸ்புக்கையும் நீட்டியவர்கள் அதில் இருந்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. பணம் கணக்கிலிருந்து திரும்ப எடுக்கப்பட்டது. அவர்களை ஊர் ‘பேராசைக்காரர்கள்’ என்றும் ‘விவரமில்லாதவர்கள்’ என்றும் சொன்னது.

இரண்டு தவறுகளை இங்கே பிரித்துப் பார்க்கவேண்டும். தன் பெட்டிச் சாவியைத் தொலைத்தவர் ஒருவர். ஊர்க் கஜானாச் சாவியைக் காப்பாற்றச் சம்பளம் வாங்கிக்கொண்டு அதை இன்னொருவரிடம் கொடுத்தவர் இன்னொருவர். முதலாமவருக்கு நடந்தது நஷ்டம். இரண்டாமவர் செய்தது துரோகம். ஆனால் நம் வாயில் வசவு வாங்குவது என்னவோ பெரும்பாலும் முதலாமவர்தான். பக்கத்தில் இருக்கிறார், பதில் பேசமாட்டார், அதனால்.

இந்த இடத்தில் சென்னையில் இருக்கும் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை. அம்மாவின் போனில் உன் கைரேகையைப் பதிந்து வைத்திருக்கிறாய். அவர் கணக்கின் ரகசிய எண்ணும் உனக்குத் தெரியும். எல்லாம் பாதுகாப்புக்குத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது யாருடைய போன்? அவர் கணக்கில் விழும் ஆயிரம் ரூபாய் யாருடையது? பேரன் விளையாட்டு ஆப்பில் அதைக் கரைத்துவிட்டு, ‘ஆயா கிட்ட சொல்லாதே’ என்று அப்பாவிடம் கெஞ்சுகிற வீடுகளும் உண்டு. ரகசிய எண் என்பது திருடனுக்கு எதிராக மட்டும் இல்லை. இது என்னுடையது, என்னைக் கேட்டுத்தான் தொடவேண்டும் என்று சொல்லும் உரிமை அது. அடுத்த தடவை அவர் நாலு எண் போடும்போது, ஏ.டி.எம். வாசலில் முன்பின் தெரியாதவருக்குச் செய்கிற மரியாதையை உன் அம்மாவுக்கும் செய். முகத்தைத் திருப்பிக்கொள். பேரன் பிறந்த வருஷம் வேண்டாம் என்று மட்டும் சொல், ஊருக்கே தெரியும். மறந்துபோனால்? போகட்டும், மறுபடி வைத்துக்கொள்ளலாம். நேரமாகும், அவ்வளவுதான். அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியாதே. போன் தொலைந்தால் போலீஸில் கேட்கும் ஐ.எம்.இ.ஐ. எண் அதில் அச்சடித்திருக்கும். பேனாவில் எழுதிய நாலு எண்ணை மட்டும் நன்றாக அடித்துவிடு.

சரி, எல்லாம் சொல்லிக்கொடுத்தும் ஒருநாள் பணம் போய்விட்டது. நஷ்டம் யார் தலையில் விழவேண்டும்?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ம் தேதி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கி மேலும் வாடிக்கையாளர் மேலும் தப்பில்லை, குறை அமைப்பில் வேறெங்கோ என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை. ஆனால் ரகசிய எண்ணைச் சொல்லிவிடுவது போன்ற கவனக்குறைவு என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் அவரைச் சேர்ந்தது. தெரிவித்த பிறகு போனால் வங்கியைச் சேர்ந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் வேறு மாதிரி யோசித்தார்கள். ஏமாற்றப்பட்டுத் தன் கையாலேயே பணம் அனுப்பியவருக்கும், 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தரவேண்டும். மிக மோசமான அலட்சியம் என்று வங்கி நிரூபித்தால்தான் விலக்கு. எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருப்பவர்கள் விஷயத்தில் அந்த விலக்கும் கிடையாது. என்னைக் கவர்ந்தது அடுத்த பகுதி. அந்தத் தொகையில் பாதியை அனுப்பிய வங்கி தரும், மீதிப் பாதியை, பணம் போய்ச் சேர்ந்த வங்கி தரும். அதாவது, திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கி!

இதை நாம் கேட்பதே இல்லை. பாட்டி ஏன் சொன்னார் என்று ஆயிரம் தடவை கேட்கிறோம். அந்தப் பணம் காற்றில் போகவில்லை. ஏதோ ஒரு வங்கியில், ஏதோ ஒரு பெயரில், ஆதாரும் போட்டோவும் கொடுத்துத் திறந்த ஒரு கணக்குக்குத்தான் போனது. அந்தக் கணக்கைத் திறந்தபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லையே, ஏன்? பணத்தை இழந்தவர் இழந்தாலும் திருப்பிக் கிடைத்துவிடும் என்றால் ஜனங்களுக்குப் பொறுப்பு வராது என்று வங்கிக்காரர்கள் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் வங்கிகளுக்கு மட்டும் நஷ்டமில்லாமல் பொறுப்பு வந்துவிடுமா? இருட்டில் ரோட்டைத் தோண்டி வைத்தவனைக் கேட்காமல், விழுந்தவனிடம் ‘கண்ணு தெரியலையா?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் குழி மூடப்படாது. பிரிட்டன் வழியே நியாயத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. நீங்கள் மாறுபடலாம்.

அதுவரை நடைமுறையில் ஒன்று இருக்கிறது. 2021-ல் பணமோசடிப் புகாருக்கென்று தேசிய அளவில் ஓர் உதவி எண் வந்தது. இப்போது அது 1930. போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். யாராவது எடுத்துவிடுவதற்கு முன்னால் சொன்னால் வழியில் முடக்க முடிகிறது. நிமிஷங்களில் இருக்கிறது விஷயம். அந்த நிமிஷங்கள்தான் நம் வீடுகளில் வீணாகின்றன. பாட்டி, மகன் திட்டுவானே என்று ராத்திரி முழுக்க விழித்திருந்து மறுநாள் மத்தியானம் சொல்கிறார். மருமகன், மானம் போய்விடும் என்று ஒரு வாரம் மறைக்கிறார். ரிட்டயர்டு வாத்தியார் கடைசிவரை சொல்வதே இல்லை.

அதனால், யாராவது உங்களிடம் வந்து, “பணம் போயிடுச்சுப்பா” என்று நின்றால், ‘ஏன் சொன்னே?’ என்று கேட்காதீர்கள். “எத்தனை மணிக்குப் போச்சு?” என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்போதே 1930-ஐ அழுத்துங்கள். பாங்க் மெசேஜை அழிக்கவேண்டாம். எவ்வளவு தொகை, எந்தத் தேதி, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். லைன் கிடைக்காவிட்டால் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பதியலாம். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போகலாம். போகும்போது அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், கூடப் போங்கள்.